பவளத் திட்டில் மூன்று அடுப்புகள்

மூன்று நாடுகள் உரிமை கோரிய அந்தப் பவளத் திட்டில், நாட்டுக்கு ஒன்றாக மூன்று வீடுகள் இருந்தன. காலை எட்டு மணிக்குச் செயற்கைக்கோள் கடக்கும்போது எந்த வீட்டில் அடுப்புப் புகை இல்லையோ, அந்த நாட்டின் உரிமை நீங்கிவிடும் என்பது உலக நீதிமன்றத் தீர்ப்பு. அவ்வீட்டாரும் ஊர் திரும்ப வேண்டும். அண்டை வீட்டாரோடு பழகக் கூடாது என்பது மட்டுமே மூன்று அரசுகளும் மனமொத்து எழுதிய விதி.

அன்று பாம்பனைச் சேர்ந்த மரியசெல்வி காய்ச்சலில் எழ இயலாமல் கிடந்தாள். மருந்துக்காகக் கரைக்குச் சென்ற கணவர் இன்னும் திரும்பவில்லை. ஏழரை மணிக்கு, பக்கத்து இலங்கை வீட்டில் தனியாக வசித்த நெடுந்தீவுத் தவமலர் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

“விறகு எங்க வச்சிருக்கிறாய், பிள்ளை?”

“எங்க அடுப்பு அணைஞ்சா உங்களுக்குத்தானக்கா நல்லது?”

“நீ போனா நான் ஆரோட சண்டை பிடிக்கிறது? கதையாமல் படு.”

அடுப்பு எரிந்தது, கஞ்சியும் கொதித்தது. இரண்டு வாய் குடித்த பிறகே மரியசெல்விக்கு நினைவு வந்தது.

“அக்கா, உங்க வீட்ல அடுப்பு மூட்டிட்டீகளா?”

தவமலரின் கையில் அகப்பை அப்படியே நின்றது. எட்டு மணிக்கு ஒரு நிமிடமே இருந்தது. இருவரும் சன்னல் வழியே பார்த்தனர்.

தவமலரின் கூரைக்கு மேல் கரும்புகை எழுந்துகொண்டிருந்தது. தன் அடுப்பை முன்பே மூட்டிவிட்ட மூன்றாம் வீட்டு மாலத்தீவுக்காரர் இப்ராகிம், அவளுடைய திறந்த அடுப்படியில் இருமியபடி ஊதிக்கொண்டிருந்தார்.

“ஈர மட்டையை வச்சு ஊதுறார். குசினி முழுக்கக் கரிதான் இனி,” என்று திட்டிக்கொண்டே, தவமலர் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றினாள்.