நடுவானில் முறுக்கிய கம்பி

ஆயில் ஃபில்டரை மாட்டிய மெக்கானிக்கே முதல் ஓட்டத்தில் கூடப் பறக்க வேண்டும் என்பது அந்த விமானக் கொட்டகையின் வழக்கம். அந்தக் கிழட்டுக் குட்டி விமானத்தில் ஏறிய சவரிராயனுக்கு மேகத்தருகில்தான் உறைத்தது.

"அண்ணே, ஃபில்டர் கழலாம கம்பி முறுக்க மறந்துட்டேன்."

"பொண்டாட்டி பேராவது ஞாபகமிருக்கா?" என்றார் பைலட் கோதண்டம்.

அதைக் கேட்டோ என்னவோ, எஞ்சின் நின்றது. விமானம் விழவில்லை. லாடக்காரனிடம் காலைத் தூக்கிக் கொடுத்த குதிரைபோல அந்தரத்தில் அசையாமல் நின்றது. பின்னால் வந்த பருந்து ஒதுங்கிச் சுற்றிப் போனது.

சவரி வெளியே தொற்றி, எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பியை முறுக்கினான்.

"ரெண்டு உசுரக் காப்பாத்திட்டியே தாயி," என்று எஞ்சினைத் தடவினான்.

அவன் உள்ளே வந்து பெல்ட்டை மாட்டும்வரை அது காத்திருந்தது.