நாற்பது அல்சேஷன்

“நாற்பது நாய்ங்க. எல்லாம் அல்சேஷன்,” என்றார் ரபேல், ஏதோ நாற்பது ரோஜாச் செடி வைக்கப்போவதுபோல.

சாலாக் செலாத்தான் குடியிருப்பின் பாலர்பள்ளிக்குள் கூடியிருந்த சனம் கொதித்தது. தெருக்கோடியில் சும்மா கிடக்கும் அரசாங்க நிலத்தில் நாய்ப்பண்ணை வைத்துக் குட்டி விற்கப்போகிறாராம். மாநகர் மன்றத்துக்கு மனுவும் போட்டாயிற்று.

“நாள் பூரா குரைக்குமே?” என்றாள் மாரியாயி.

“குரைக்கும் லா, அக்கா. மழை பெஞ்சா நாத்தமும் அடிக்கும். சமயத்துல ஒண்ணு ரெண்டு அவுத்துக்கிட்டும் ஓடும்.”

ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கக் காவல் குழுவின் தலைவர் பக்கிரிசாமிக்கு அதுதான் உறுத்தியது. தொழில் தொடங்குகிறவன் குறையை மூடி மறைப்பான். இந்த ஆளோ, கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறார். பின்னால் யாரோ பெரிய புள்ளி இருக்கிறான், அந்தத் தைரியம்தான் இப்படிப் பேச வைக்கிறது என்று நினைத்தார்.

அங்கேயே உட்கார்ந்து ஆட்சேப மனு எழுதினார். ரபேல் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“நாய்ப்பண்ணை கூடாதுன்னா எழுதறீங்க? நல்லதாப் போச்சு, அண்ணே. நாளைக்கே கோழிப்பண்ணைன்னு மாத்திப் போட்டுடுறேன்.”

பக்கிரிசாமிக்கு முகம் சிவந்தது. ‘நாய்ப்பண்ணை’யை அடித்துவிட்டு, ‘எந்தத் தொழிலும் கூடாது, பிள்ளைகள் விளையாடும் இடம்’ என்று அழுத்தி எழுதினார்.

குப்பைத்தொட்டி எங்கே வைப்பது என்பதில்கூட ஒத்துப்போகாத தெரு அது. மூன்றே நாளில் நூற்றுப் பன்னிரண்டு வீடும் கையெழுத்துப் போட்டது.

கடைசியாக வந்தவள் ரபேலின் மனைவி மகதலேனா. பேனாவை வாங்கி, பளிச்சென்று கையெழுத்திட்டாள்.

“எல்லா வீடும் போட்டாச்சா, அண்ணே?” என்று பக்கம் பக்கமாகப் புரட்டியும் பார்த்தாள்.

ரபேல் இவளை வேவு பார்க்கத்தான் அனுப்பியிருக்கிறான் என்று பக்கிரிசாமிக்கு நிச்சயமாகிவிட்டது. மனுவை அன்றைக்கே பஸ் ஏறிப் போய், தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. நிலம் பிள்ளைகளின் விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நிலத்தைக் கேட்டு வந்த இரண்டு மனுக்களும் தள்ளுபடி.

இரண்டா? பக்கிரிசாமி மறுபடி படித்தார். ஒன்று நாய்ப்பண்ணை. மற்றொன்று, பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை.

கடிதத்தோடு ரபேல் வீட்டுக்கு விரைந்தார். தோற்றவன் முகத்தைப் பார்க்கப் போனவருக்கு மகதலேனா கேசரி கொண்டுவந்து வைத்தாள்.

“அந்தப் பட்டறைக்காரன் போன வருஷமே மனு போட்டுட்டான், அண்ணே,” என்றார் ரபேல். “என் தம்பி அந்த மாதிரி இடத்துலதான் வேலை செஞ்சான். இப்ப அவனால ஒரு கிளாஸ் தண்ணியைக்கூடச் சிந்தாமப் பிடிக்க முடியாது. அதைச் சொல்லித்தான், பட்டறை வேணாம்னு அப்பவே வீடு வீடா ஏறி எறங்கினேன். நாலு பேரு கையெழுத்துப் போட்டாங்க. நீங்க டிவி பாத்துக்கிட்டே, ‘அப்புறம் பாப்போம்’னீங்க.”

கேசரித் தட்டு பக்கிரிசாமியின் கையிலேயே நின்றது. அப்படிச் சொன்னது அவருக்கு நினைவில்கூட இல்லை.

தட்டைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப... அந்த நாய்ங்களை இனிமே எங்க வச்சு வளப்பீங்க?” என்றார்.

“நாயா? ஐயோ, எனக்கு நாய்னாலே பயம் லா, அண்ணே!”