எழுதி வைக்காத பேச்சு

"ஒரே ஒரு கேள்வியாவது சொல்லிடுங்க சார். அம்மா ரொம்பப் பயந்த சுபாவம். பதிலை மனப்பாடம் பண்ணிக்கட்டும்!"

நேற்றிலிருந்து பாப்பா இதே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருக்கிறாள்.

தொகுப்பாளர் நிதானமாக பிஸ்கட்டைக் கடித்தார். "எனக்கே தெரியாதேம்மா. உட்கார்ந்தா ஏதாவது பேச்சு வரும்."

வரும், வரும். கிழிஞ்சது போ!

ஊரே கொட்டாவி விடுகிற நேரத்தில் ஒளிபரப்பாகும் அரட்டை நிகழ்ச்சி அது. எடுப்பதென்னவோ பட்டப்பகலில்தான். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிப் பேசுவார் என்றுதான் அவருக்கு அவ்வளவு நல்ல பேர். உதவி இயக்குநராகச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகாத பாப்பாவுக்கோ அது சுத்த சோம்பேறித்தனமாகப் பட்டது.

அதுவும் இன்றைக்கு விருந்தாளி அவளுடைய அம்மா!

அம்மா எத்தனையோ வருஷமாகக் கதாநாயகிகளுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவள். திரையில் யார் யாரோ அழுவார்கள், கொஞ்சுவார்கள், சண்டை போடுவார்கள். குரல் மட்டும் அம்மாவுடையது. முகத்தை ஒருத்தரும் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பார்க்கட்டுமே என்று பாப்பாவுக்கு அவ்வளவு ஆசை. சொதப்பினால் ஒளிபரப்பவே மாட்டார்கள். அம்மாவும் அப்புறம் ஜென்மத்துக்கும் கேமரா பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள்.

"எழுதிக் குடுத்தா எவ அழுகையையும் அழுதுடுவேன் பாப்பா. சொந்தமா என்னத்தடி பேசுவேன்?" அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விளக்குகள் எரிந்தன. கேமரா ஓட ஆரம்பித்தது.

"வாங்கம்மா, சௌக்கியமா?"

அம்மா எதிரே இருந்த சின்ன டிவியையே வெறித்துப் பார்த்தாள்.

"வீட்டுல யாரும்மா அதிகம் பேசுவீங்க?"

ம்ஹும். பேச்சு மூச்சே இல்லை. கேமராக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார்.

தொகுப்பாளர் அசட்டையாக டீக் கோப்பையை எடுத்தார். வாய் வரைக்கும் கொண்டுபோனார். அவ்வளவுதான், மொத்த டீயும் நீலச் சட்டைமேல்!

"ஐயய்யோ, சுடுதே!" என்று துள்ளி எழுந்தார்.

அட கடவுளே, ஒரு டீயை ஒழுங்காகக் குடிக்கத் தெரியாத ஆளிடமா அம்மாவை ஒப்படைத்தோம்! பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள்.

அதற்குள் அம்மா எழுந்து ஓடியிருந்தாள்.

"பார்த்துக் குடிக்கக் கூடாதா தம்பி? சின்னப் புள்ளையா நீங்க? கையை எடுங்க, நான் துடைக்கிறேன்." கைக்குட்டையால் சட்டையை அழுத்தித் துடைத்தாள். "என் பொண்ணும் இப்படித்தான். ஒரு நாளாவது சிந்தாம சாப்பிட்டிருப்பாளா, கேளுங்க!"

பார்வையாளர்கள் கொல்லென்று சிரித்தார்கள். பாப்பா கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அதிருக்கட்டும்மா, இவ்வளவு நேரம் ஏன் வாயே திறக்கல?"

"நான் என்ன தம்பி பண்ணட்டும்? அந்த டிவியில ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தா. அவ வாய் அசையட்டும், நாம பேசலாம்னு காத்துக்கிட்டே இருக்கேன். பாவி, அசைக்கவே மாட்டேங்குறா! உத்துப் பார்த்தா... அது நான்!"

அரங்கமே அதிர்ந்தது. கேமராக்காரருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கியது.

அப்புறம் அம்மாவை யார் பிடிப்பது? ஜலதோஷத்தோடு காதல் வசனம் பேசிய கதை வந்தது. ஒரே நாளில் மாமியாராகவும் மருமகளாகவும் தன்னையே திட்டிக்கொண்ட கதை வந்தது. "அழுகைக் காட்சி இருந்தா தொண்டை கட்டிக்கும் தம்பி. வீட்டுல வாயே திறக்க முடியாது. எங்க வீட்டுக்காரருக்கு அன்னிக்குத்தான் கொண்டாட்டம்!"

இயக்குநர் கடிகாரத்தையே மறந்துவிட்டார்.

முடிந்ததும் ஒரு கூட்டம் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தது. அம்மா முகத்தில் அப்படி ஒரு வெட்கம், அப்படி ஒரு சிரிப்பு. பார்த்த பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாவம், அந்த மனுஷன் ஈரச் சட்டையோடு நிற்கிறாரே என்று அப்போதுதான் உறைத்தது. உடை அறைக்கு ஓடினாள்.

"அண்ணா, சாருக்கு மாத்திக்க ஏதாவது சட்டை இருக்கா?"

உடை பார்த்துக்கொள்ளும் அண்ணன் திரும்பக்கூட இல்லை. கைநீட்டி ஒரு சட்டையை எடுத்துக் கொடுத்தார். அதே நீலம், அதே தையல்.

"காலையிலேயே தேய்ச்சு வெச்சுட்டேன்."

"காலையிலேயேவா?"

"பயந்த விருந்தாளி வர்றாங்கன்னா ஒரே மாதிரி ரெண்டு சட்டை எடுத்து வைக்கச் சொல்லுவார். டீயையும் நல்லா ஆறவெச்சுத்தான் குடுப்போம்."

"ஆறவெச்சா? அப்போ 'சுடுதே'ன்னு கத்தினாரே!"

அண்ணன் சிரித்தார்.

"இந்த நிகழ்ச்சியில எழுதி வெச்சுப் பேசுற வசனம் அது ஒண்ணுதாம்மா."