முன்வரிசைக் கூச்சல்

“கொஞ்சம் வாயை மூடறீங்களா? நான் அவர் பாட்டைக் கேட்க வந்திருக்கேன். உங்க கத்தலைக் கேட்க இல்ல.”

கிரெய்க் இப்படிச் சீறியது, தனக்கு முன்னால் மேடையை ஒட்டி நின்ற கெய்னரிடம். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன ‘மில்பாண்ட்ஸ்’ இசைக்குழு டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தாள்.

“ரொம்பக் கத்தறேனா கண்ணு? மன்னிச்சுக்கோங்க” என்று சிரித்தாள். அடுத்த வரியில் இன்னும் பலமாகக் கத்தினாள்.

அவள் மட்டுமில்லை. அந்த முன்வரிசையே அப்படித்தான். வழுக்கையும் தொப்பையுமாக ஒரு பட்டாளம். சேர்ந்து பாடினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மேடையில் பாடகர் கிளைவ் வாயைத் திறப்பதற்கு அரைத் தாளம் முன்பே இவர்கள் வரியைப் போட்டு உடைத்தார்கள்.

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் சனிக்கிழமை மத்தியானக் கச்சேரி. ஒரு காலத்தில் விடிய விடியக் குதித்த ரசிகர்கள்தான். இப்போது முழங்கால் வலிக்கு இதுதான் தோது.

கிரெய்க்கும் அன்றைக்குக் குதித்தவர். பிழைப்புக்காக ஆஸ்திரேலியா போனவர், ‘மில்பாண்ட்ஸ்’ மறுபடி பாடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு மனைவி டெனிஸைக் கூட்டிக்கொண்டு பெர்த்திலிருந்து விமானம் ஏறி வந்திருந்தார்.

“விடுங்களேன். ஆசையாப் பாடறாங்க” என்றாள் டெனிஸ்.

“பாடட்டும். தாளத்தோட பாடட்டும்!”

கெய்னர் பக்கத்தில் நின்ற டீன் திரும்பிப் பார்த்தான். “தாளமா? அது எங்க ஊர்ப் பக்கமே வந்ததில்லையே, அண்ணே!”

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. கிரெய்க்குக் காது சிவந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. கிதார்க்காரர் அடுத்த பாட்டை மெதுவாகத் தொடங்கினார். முதல் நாலு சுரம் கேட்டதுமே கிரெய்க்கின் முகம் மாறியது. ‘நனைந்த கோட்டு’.

கெய்னரின் தோளைத் தொட்டார். இந்தத் தடவை குரலில் கோபமில்லை.

“இந்த ஒரு பாட்டு மட்டும் விட்டுக்கொடுங்கம்மா. நானும் என் தம்பியும் ஒரே ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதுல வச்சுக் கேட்டது. போன வருஷம் போயிட்டான். அவனுக்கும் சேர்த்து ஒரு தடவை கிளைவ் குரல்ல கேட்டுட்டுப் போறேன்.”

கெய்னர் அவரையே பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். டீன் ஏதோ சொல்ல வந்தான். அவன் கையை அழுத்தி நிறுத்தினாள்.

“சரி கண்ணு. கேளுங்க.”

முன்வரிசை அடங்கியது.

கிளைவ் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கோட்டை ஆணியில் மாட்டினேன்... சொட்டுச் சொட்டாய் உன் ஊர் மழை... கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அதே குரல். கிரெய்க்குக் கண் நிறைந்தது. டெனிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வரி வரவில்லை.

கிதார்க்காரர் அதே இடத்தை இன்னொரு சுற்று வாசித்தார். கிளைவ் கண்ணைத் திறந்தார். வாய் அசைந்தது; வார்த்தை இல்லை. கிதார்க்காரர் மறுபடியும் சுற்றினார். கிளைவ் குனிந்து முன்வரிசையைப் பார்த்தார், திருவிழாவில் கை நழுவிப்போன குழந்தையைப் போல.

கொடுத்த வாக்குக்குக் கட்டுப்பட்டுத் தவித்த கெய்னர், பொறுக்கமுடியாமல் வாயைத் திறந்தாள். ஆனால் அவளை முந்திக்கொண்டு ஒரு குரல் கிளம்பிவிட்டது.

“கதவைத் தட்டாமலே போனாய்...”

கிரெய்க்தான். தான் பாடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. சுருதி எங்கோ போயிருந்தது.

கிளைவ் அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். முகம் விளக்குப் போட்டது மாதிரி ஆயிற்று. கிரெய்க் அடுத்த வரியைக் கொடுத்தார். முன்வரிசை மொத்தமும் சேர்ந்துகொண்டது. தம்பிக்காகக் கேட்க வந்தவர், கடைசி வரை கேட்கவில்லை, பாடினார்.

பாட்டு முடிந்ததும் கிளைவ் மைக்கில் சிரித்தார். “பார்த்தீங்களா இந்த முன்வரிசை அட்டகாசத்தை? என் பாட்டை என்னைப் பாடவே விடமாட்டாங்க!”

ஹாலே சிரித்தது. பின்னாலிருந்து ஒருவன், “முன்னாடி கத்தாம நில்லுங்கய்யா!” என்று கூச்சல் போட்டான். கெய்னர் திரும்பி அவனுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கிரெய்க் அவள் பக்கம் குனிந்தார். “கிளைவுக்கு... எத்தனை நாளா?”

“சத்தம் போடாதீங்க. ரெண்டு வருஷமாச்சு. வீட்டுக்காரம்மாவுக்கும் குழுவுக்கும் எங்களுக்கும் மட்டும்தான் தெரியும். வரியை எடுத்துக் கொடுத்தாப் போதும், மிச்சத்தை அவரே பாடிடுவார். எந்த ஊர்ல பாடினாலும் நாங்க முன்னாடி வந்து நின்னுடுவோம்.”

“ஊரே உங்களைத் திட்டுதே! நானும் திட்டினேனே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

கெய்னர் டி-ஷர்ட் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாட்டுக்குத் தயாராக மேடைப் பக்கம் திரும்பினாள்.

“எங்களுக்குத் தாளம் தெரியலன்னு ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், கண்ணு. அவருக்குப் பாட்டு மறந்துபோச்சுன்னு ஒருத்தரும் பரிதாபப்பட்டுடக் கூடாது.”