சிக்னல் பயம்

பைக் கடைக்காரருக்குத் தலை சுற்றியது. வந்தவர் எந்தப் பைக்கிலும் ஏறி உட்கார்ந்த வேகத்தில் இறங்கினார்.

"அண்ணே, தினம் வேலைக்கும் ஒரே பைக்குதான், ஞாயித்துக்கிழமை பாறைப் போட்டிக்கும் அதேதான். ரெண்டுல எதை விட்டாலும் நான் செத்தேன்."

"காலைக் கீழ வைக்காம பாறை ஏறணும், அதானே போட்டி? இது ஆடு மாதிரி ஏறும் சார்."

"பாறையை விடுங்கண்ணே! சிக்னல்ல நிக்கறப்பதான் உயிரே போகுது. இன்னும் சீட் உயரம் கம்மியா காட்டுங்க, கும்பிட்டுக் கேக்கறேன்."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "பாறைக்கே பயப்படாதவர் சிக்னலுக்கா பயப்படறீங்க?"

வந்தவர் பேன்ட்டின் இடது பக்கத்தை முழங்கால்வரை தூக்கினார். உள்ளே இரும்புக் குழாய்.

"காலை ஊனக்கூடாதுங்கறது பாறையில எல்லாருக்கும் சட்டம். சிக்னல்லதாண்ணே எனக்குக் கால் இல்லை."