கைகழுவிய தொட்டி

முதல் குத்திலேயே கம்பெனிக் கலைப்பு அதிகாரியின் மூக்குக் கண்ணாடி தெறித்து நீதிமன்றத் தாழ்வாரத்தில் விழுந்தது. இரண்டாவது குத்தில் மூக்கே உடைந்தது.

"குப்பையா? இன்னொரு தடவை சொல்லு பார்ப்போம்!" வெல்டர் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து நெரித்தான்.

காவலர்கள் ஓடிவந்து அவன் முதுகிலும் முழங்காலிலும் லத்தியால் விளாசினார்கள். பிடி தளரவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் அதிகாரியை மீட்க வேண்டியிருந்தது.

பெஞ்சில் சாய்ந்து கைக்குட்டையால் ரத்தத்தைப் பொத்திக்கொண்ட அதிகாரிக்கு வலியைவிட ஆத்திரம்தான் அதிகம். மூழ்கிப்போன சாயக் கம்பெனியின் சொத்துகளை விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்க நியமிக்கப்பட்டவர் அவர். எல்லாம் விற்றுப்போயின. பின்புறத்து நிலத்தை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. அதன் நடுவில், சாயக் கழிவு நிரம்பிய பாதாளத் தொட்டி இருந்தது.

சுத்தம் செய்யப் போனால் தொழிலாளிகளின் சம்பள பாக்கி முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். 'இந்தப் பாரம் கம்பெனிக்கு வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துக் கைகழுவிவிடச் சட்டத்தில் வழி இருந்தது. அவரும் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி நகராட்சி கான்கிரீட் கொட்டி மூடிவிடும்.

அதற்குள் இந்த வெல்டர் குறுக்கே விழுந்தான். நிலத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருப்பவன். கைகழுவியது செல்லாது என்று வக்கீல்கூட இல்லாமல் மனுப் போட்டிருந்தான். மகன் இதே கம்பெனியில் வேலை பார்த்து, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனவனாம். சம்பாதிக்கிற பிள்ளை இல்லை, நஷ்ட ஈடு கறக்கப் பார்க்கிறான் என்று அதிகாரி முடிவு கட்டினார்.

அதனால்தான் தாழ்வாரத்தில் தணிவாகவே பேச்சைத் தொடங்கினார். "மனுவை வாபஸ் வாங்குப்பா, ஏதாவது பார்த்துச் செய்றேன். அந்தத் தொட்டிக்குள்ள அப்படி என்ன இருக்கு? வெறும் குப்பை."

அதற்குத்தான் அந்தக் குத்து.

"ஒரு பைசா வேண்டாம்," தரையில் கிடந்த வெல்டர் ரத்தத்தைத் துப்பினான். "தொட்டியைத் தொறக்கணும். அவ்வளவுதான்."

வழக்கைக் கூப்பிட்டார்கள். காவலர்கள் இருவர் அவனை இழுத்துக்கொண்டுபோய் நீதிபதி முன் நிறுத்தினார்கள். பின்வரிசையில் கம்பெனியின் பழைய முதலாளி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அடிதடியை அப்புறம் பார்க்கிறேன்," என்றார் நீதிபதி அம்மாள். "கைகழுவினதால பாதிக்கப்பட்டவங்கதான் அதை எதிர்க்க முடியும். உங்களுக்கு என்ன பாதிப்புன்னு மனுவில ஒரு வரிகூட இல்லையே?"

"வேணும்னேதான் எழுதலைங்கம்மா. எழுதியிருந்தா, நான் இங்க வந்து சேர்றதுக்குள்ள தொட்டியைக் காலி பண்ணியிருப்பாங்க."

"யாரு?"

முதலாளி சட்டென்று எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

வெல்டர் காவலர்களை உதறிவிட்டு பெஞ்சைத் தாண்டிப் பாய்ந்தான். முதலாளியின் தலைமுடியைக் கொத்தாகப் பற்றி, நெற்றியைக் கதவு நிலையில் மோதினான். மறுபடியும் மோதினான். லத்தி அவன் தோளில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் அதிகாரிக்கே கேட்டது. அப்போதும் மற்றக் கை முடியை விடவில்லை.

"நிறுத்துங்க!" நீதிபதி மேசையைத் தட்டினார். "அந்தத் தொட்டியில உங்களுக்கு அப்படி என்ன பாத்தியதை?"

வெல்டரின் கை தானாகத் தளர்ந்தது. முதலாளி சரிந்து விழுந்தார்.

"விஷவாயு கசியுது, சீக்கிரம் தொட்டி மூடியை வெல்டு வெச்சு அடைன்னு இந்தாளுதாம்மா என்னைக் கூப்பிட்டார். காத்துப் புகாம அடைச்சுக் கொடுத்தேன். அன்னிக்குக் காலையில தொட்டி கழுவ ஒருத்தனை இறக்கினாங்கன்னு, சாகக் கிடந்த கம்பெனி மேஸ்திரி போன வாரம்தான் வாயைத் தொறந்தார்."

"யாரை இறக்கினாங்க?"

"எம் மகனைம்மா. இன்னும் உள்ளதான் இருக்கான்."