பெருந்துறையில் யார்?

"ஞாயித்துக்கெழமையானா உன்ற ஊட்டுக்காரன் பெருந்துறைக்குப் போறானாம். அங்க யாரு இருக்கறான்னு கேட்டயா அம்மணி?"

உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள் நாத்தனார் கிருஷ்ணவேணி.

"கேக்கலீங்க அண்ணி" என்றாள் ரங்கநாயகி.

"இன்னிக்கும் காலைல ஆறு மணிக்கே காரை எடுத்துட்டான். பழம், புதுத் துண்டுன்னு பை நெறையக் கொண்டு போறானாம். என்ற மருமகன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு. எவளோ ஒருத்தி இருக்கறா. உனக்குக் கோவமே வரலையா?"

"கோவப்படற எடத்துல நான் இல்லீங்க."

"மூணு வருஷம் நெனப்பு தப்பி எங்கியோ கெடந்தது உன்ற குத்தமா?"

ஊருக்குச் சொன்ன கதை அது. சொன்னவர் அவள் புருஷன் லட்சுமிநாராயணன்.

நடந்தது வேறு. நாலு வருஷத்துக்கு முன்னால் உடுமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன ரங்கநாயகி, அமராவதி அணைக்கரையில் தலை சுற்றி விழுந்தாள். கண் விழித்தது மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலில். சுவர்க் காலண்டரில் 1974.

இனி வரப்போகிற காலத்திலிருந்து வந்தவள் என்று அவள் சொன்னதைக் கேட்டு எல்லோரும் பைத்தியம் என்றார்கள். சிரிக்காமல் உட்கார்ந்து கேட்டவர், காது மடலில் தழும்புள்ள கம்பவுண்டர் தங்கராஜ் ஒருவர்தான். திரும்பிப் போக வழி கிடைக்குமா என்று ஒரு வருஷம் அந்த அணைக்கரைக்கே நடந்தாள். அவரும் துணைக்கு நடந்தார். பிறகு தேடுவதை விட்டுவிட்டாள். புருஷன் இன்னும் பிறக்கவே இல்லாத காலத்தில், தங்கராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷம் குடித்தனம். மனசு நிறைந்த குடித்தனம்.

1977-ல் ஒரு காலை, துணி துவைக்கப் போன அதே அணைக்கரையில் மறுபடி அதே மயக்கம். எழுந்து பார்த்தால், பக்கத்தில் யாரோ செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கராஜிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை.

கோயமுத்தூர் வந்த அன்றே லட்சுமிநாராயணனிடம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டாள். மோட்டார் பட்டறைக்காரர். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார். அன்றைக்கு "நெசமா?" என்றுகூடக் கேட்கவில்லை. "அவரு முழுப் பேரென்ன?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

அதோடு சரி. அவர் படுக்கை ஹாலுக்குப் போய்விட்டது. "சாப்ட்டயா? மாத்திரை போட்டயா?" இந்த இரண்டைத் தவிர வேறு பேச்சில்லை. அவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்தால், அவர் தெருவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருப்பார். எட்டு மாசம் இப்படியே ஓடிவிட்டது.

"கெளம்பு. நேர்லயே பாத்துப்போடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள் கிருஷ்ணவேணி.

வழியெல்லாம் ரங்கநாயகி ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். அங்கே ஒருத்தி இருந்தால், அவர் நன்றாக இருக்கட்டும் என்று கும்பிட்டுவிட்டு விலகிவிட வேண்டும்.

மருமகன் சொன்ன அடையாளத்தில் வாடகைக் கார் நின்றது. வாசலில் மாதா சொரூபம். முதியோர் இல்லம்.

"லட்சுமிநாராயணன் சாரைத் தேடி வந்தீங்களா?" என்றார், கிருஷ்ணவேணி தம்பி பேரைச் சொன்னதும் எதிரே வந்த சிஸ்டர் ஜோவிதா. "அந்த மரத்தடியில இருக்காருங்க. அஞ்சு மாசமா ஒரு ஞாயித்துக்கெழமை தவறலீங்க. யாருமே இல்லாத ஒரு பெரியவருக்குச் சவரம் பண்ணிவிடறது, நகம் வெட்டறது எல்லாம் அவர்தான். போன மாசம் கண் ஆபரேஷனுக்கும் அவரே கூட இருந்தாருங்க. சொந்தமான்னு கேட்டா சிரிச்சுப்போட்டுப் போயிருவாரு."

வேப்பமரத்தடியில் சக்கர நாற்காலி. அதில் எண்பது தாண்டிய ஒருவர், முகம் பாதி நுரையோடு. குனிந்து சவரம் செய்துகொண்டிருந்தார் லட்சுமிநாராயணன்.

ரங்கநாயகி அந்தப் பெரியவரைப் பார்த்தாள். முடி போய்விட்டது. உடம்பு வற்றிவிட்டது. ஆனால் காது மடலில் அதே தழும்பு.

லட்சுமிநாராயணன் நிமிர்ந்து பார்த்தார். ரேசரைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"உடுமலையில சர்ச் சர்ச்சா ஏறி எறங்கித்தான் கண்டுபுடிச்சேன். கண்ணுல பொரை மூடியிருந்துது. உன்னையத் தெளிவாப் பாக்கட்டும்னுதான் இத்தன நாள் பொறுத்தேன் நாயகி. அடுத்த வாரம் கூட்டியாரலாம்னு இருந்தேன்."

"ஏனுங்க... நீங்க எதுக்குங்க இதெல்லாம்..."

"நீ என்ன ஆனயோன்னு தெரியாம மூணு வருஷம் நான் பட்டுட்டேன். அவரு நாப்பத்தெட்டு வருஷமாப் பட்டுட்டு இருக்கறாரு."

அவள் போய் நாற்காலி முன்னால் மண்டி போட்டாள். பெரியவர் பார்த்தார். கையை எடுத்து அவள் தலையில் வைத்தார்.

"நாயகி... ஊடு போய்ச் சேந்துட்டயா?"

"சேந்துட்டனுங்க."

"அது போதும் சாமி. அது போதும்."

கன்னத்து நுரையில் கண்ணீர் கோடு போட்டு இறங்கியது. லட்சுமிநாராயணன் துண்டை எடுத்து அதைப் பதமாக ஒற்றிவிட்டார்.

கிருஷ்ணவேணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "யாருடா தம்பி இவரு?" என்றாள்.

"இவ நம்மகிட்ட இல்லாத மூணு வருஷமும், இவளைப் பத்திரமாப் பாத்துக்கிட்டவருங்க்கா."